இரத்த உறைதல் பரிசோதனை: லேபுக்கு லேப் எண் ஏன் மாறுகிறது?

பெரம்பூரில் வசிக்கும் என் பெரியம்மாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தின் பெருந்தமனி வால்வை அகற்றிவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் மாலையில் எடுத்துக்கொள்வதும், இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் ‘பி.டி. ஐ.என்.ஆர்.’ பரிசோதனையை மாதம் ஒருமுறை செய்துகொள்வதும் அன்றிலிருந்து அவருக்கு வழக்கமாகிவிட்டன. சென்ற ஆண்டு அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு வெவ்வேறு ஆய்வகங்களில் பரிசோதிக்க நேர்ந்தது. ஓர் அறிக்கையில் பி.டி. 30.0 விநாடி என்றும், மற்றொன்றில் 21.6 விநாடி என்றும் இருந்ததைக் கண்டு அவர் பதறிப்போய், “ரெண்டுல ஒண்ணு தப்பாத்தானேப்பா இருக்கணும்?” என்று கேட்டார். ஆய்வகத்தில் உறைதல் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் நான் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். அந்த விநாடிகளை எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான ஓர் எண்ணாக மாற்றிச் சொல்லும் ஐ.என்.ஆர். (பன்னாட்டு இயல்பாக்கிய விகிதம்) இரண்டிலும் 2.5 என்றே இருந்தது. இரண்டு ஆய்வகங்களும் சரியாகவே அளந்திருந்தன. இது எப்படி என்பதை அவருக்கு விளக்க அன்று அரை மணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கத்தைத்தான் இன்னும் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சர்க்கரைப் பரிசோதனை இரத்தத்தில் உள்ள ஒரு பொருளின் அளவைச் சொல்கிறது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று அந்த எண் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டுகிறது. பி.டி. எனப்படும் புரோத்திராம்பின் நேரம் அப்படிப்பட்டது அன்று. அது எந்தப் பொருளையும் அளப்பதில்லை. ஒரு நிகழ்வுக்கு எத்தனை விநாடி பிடித்தது என்பதை மட்டுமே அளக்கிறது. இரத்தம் உறைவதையும் பால் தயிராவதையும் தமிழில் நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பது இங்கே பெரிய உதவி. ஒரே பாலை இரண்டு வீடுகளில் பங்கிட்டு உறை ஊற்றினால் ஒரு வீட்டில் நான்கு மணி நேரத்திலும் இன்னொரு வீட்டில் ஆறு மணி நேரத்திலும் தயிராகலாம். பால் ஒன்றுதான், ஊற்றிய உறைமோர் வேறு, அதன் அளவு வேறு, அடுப்பங்கரையின் வெப்பம் வேறு. சித்திரையில் சென்னையில் சீக்கிரம் உறைகிற பால் மார்கழியில் தாமதமாக உறைவதையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எனவே உறைந்த நேரத்தை மட்டும் சொல்லி, உறைமோரைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், பாலின் தன்மையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

ஆய்வகத்தில் நடப்பதும் இதுதான். நோயாளியிடமிருந்து எடுத்த இரத்தம் உடனே உறைந்துவிடாமல் இருக்க, சோடியம் சிட்ரேட் கரைசல் உள்ள நீல மூடி டியூபில் அதைச் சேர்க்கிறோம். உறைவதற்குக் கால்சியம் இன்றியமையாதது. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் உறைதல் நின்றுபோகிறது. பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அணுக்களைக் கீழே படியவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவை எடுத்து, 37 டிகிரி செல்சியஸில் சூடேற்றி, அதனுடன் திராம்போபிளாஸ்டின் என்ற வினைப்பொருளையும் கால்சியத்தையும் சேர்க்கிறோம். சேர்த்த கணத்திலிருந்து, உறைகட்டியின் வலையாக அமையும் ஃபைப்ரின் இழை உருவாகும் கணம்வரை கடந்த விநாடிகளே பி.டி. இந்தப் பரிசோதனையை 1935-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்மண்ட் குவிக் அறிமுகப்படுத்தினார். மாத்திரை எதையும் சாப்பிடாத, ஆரோக்கியமான ஒருவருக்கு இது ஏறத்தாழ 11 முதல் 14 விநாடிக்குள் வரும். அந்த எல்லைகூட ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும்.

இங்கே உறைமோரின் இடத்தில் இருப்பது திராம்போபிளாஸ்டின். உடலில் காயம் ஏற்படும்போது திசுக்களிலிருந்து வெளிப்பட்டு உறைதலைத் தொடங்கி வைக்கும் திசுக் காரணியும் சில கொழுப்புப் பொருட்களும் சேர்ந்ததே இது. முயலின் மூளை, மாட்டின் மூளை, மனித மூளை, மனித நஞ்சுக்கொடி என்று பல மூலங்களிலிருந்து இதைத் தயாரித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் மரபணுத் தொழில்நுட்பத்தின் வழியாக மனிதத் திசுக் காரணியையே தயாரித்துப் பயன்படுத்தும் வகையும் வந்துவிட்டது. மூலம் மாறும்போது வேகம் மாறுவது மட்டுமல்ல, உணர்திறனும் மாறுகிறது என்பதுதான் சிக்கலின் வேர். வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற உறைதடுப்பு மாத்திரைகள், வைட்டமின் கே இல்லாமல் முழுமை பெற முடியாத 2, 7, 9, 10 ஆகிய எண்ணுள்ள உறைதல் காரணிகளை, அதாவது இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை, குறைக்கின்றன. ஒரு வகைத் திராம்போபிளாஸ்டின் இந்தக் குறைவைக் கூர்மையாக உணர்ந்து நேரத்தை வெகுவாக நீட்டிக் காட்டும். இன்னொன்று அதே குறைவை லேசாக மட்டுமே காட்டும். ஆரோக்கியமானவர் பிளாஸ்மாவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தைத் தந்தாலும், மாத்திரை சாப்பிடுபவரின் பிளாஸ்மாவில் இரண்டும் வெகுதூரம் விலகிப்போகின்றன. எனவே “ஆரோக்கியமானவரின் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு வரும்வரை மாத்திரையைக் கூட்டு” என்ற ஒரே விதியை இரண்டு மருத்துவமனைகள் பின்பற்றினால், உணர்திறன் குறைந்த வினைப்பொருள் உள்ள மருத்துவமனையில் நோயாளி மிக அதிக மாத்திரை விழுங்குவார்.

இது வெறும் அனுமானம் அன்று, நடந்தது. பிரிட்டனில் உணர்திறன் மிக்க மனித மூளைத் திராம்போபிளாஸ்டினும், வட அமெரிக்காவில் உணர்திறன் குறைந்த முயல் மூளைத் திராம்போபிளாஸ்டினும் பரவலாக இருந்த காலம் அது. 1982-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், காலின் ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி ஏற்பட்ட 96 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான முயல் மூளை வினைப்பொருளின்படியும், மற்றொன்றுக்கு மான்செஸ்டரில் தயாரான மனித மூளை வினைப்பொருளின்படியும் வார்ஃபரின் அளவை முடிவு செய்தார்கள். முதல் பிரிவில் 49 பேரில் 11 பேருக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டது. இரண்டாவதில் 47 பேரில் 2 பேருக்கு மட்டுமே. மீண்டும் கட்டி உருவாவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. சோதனைக் குழாயில் ஊற்றும் ஒரு வினைப்பொருளின் தன்மை, படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு இரத்தம் கசிவதா இல்லையா என்பதைத் தீர்மானித்திருக்கிறது. எங்கள் துறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே இந்த எண்களைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குத் தீர்வாக உலகத்தில் உள்ள எல்லா ஆய்வகங்களும் ஒரே வினைப்பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். மான்செஸ்டரில் லியான் போலர் என்ற மருத்துவர் பிரிட்டன் மருத்துவமனைகளுக்குப் பொதுவான ஒரு வினைப்பொருளை அனுப்பி அந்த வழியை ஓரளவு நடத்தியும் காட்டினார். ஆனால் உலகம் முழுவதற்கும் அது சாத்தியமில்லை. ஆகவே வினைப்பொருள் எதுவாக இருந்தாலும் சரி, அதன் உணர்திறனை ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு எண்ணாக எழுதிவிட்டால் போதும் என்ற வழியை 1983-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்த எண்ணுக்கு ஐ.எஸ்.ஐ., அதாவது பன்னாட்டு உணர்திறன் குறியீடு என்று பெயர். பிரஷர் குக்கர் மீதும் தண்ணீர்ப் புட்டி மீதும் நாம் பார்க்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பியவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

இந்தக் குறியீட்டைக் கண்டறியும் முறையைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். ஆரோக்கியமான 20 பேரின் பிளாஸ்மாவையும், மாத்திரையில் நிலைபெற்றிருக்கும் 60 நோயாளிகளின் பிளாஸ்மாவையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தரமாக ஏற்கப்பட்ட வினைப்பொருளாலும் புதிய வினைப்பொருளாலும் பரிசோதிப்பார்கள். கிடைக்கும் நேரங்களின் மடக்கையை வரைபடத்தில் குறித்தால் அவை ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமைகின்றன. அந்தக் கோட்டின் சாய்விலிருந்துதான் ஐ.எஸ்.ஐ. பிறக்கிறது. மடக்கையில் நேர்கோடு என்றால், சாதாரணக் கணக்கில் அது அடுக்காக மாறும் என்பது பள்ளிக் கணிதம். எனவே சூத்திரமும் அடுக்காகவே அமைகிறது: நோயாளியின் நேரத்தை, ஆரோக்கியமானவர்களின் சராசரி நேரத்தால் வகுத்து, வரும் விகிதத்தை ஐ.எஸ்.ஐ. என்ற அடுக்குக்கு உயர்த்தினால் ஐ.என்.ஆர். கிடைக்கும். குறியீடு 1 என்றால் வினைப்பொருள் பொதுத் தரத்துக்கு இணையாக உணர்கிறது. எண் கூடக் கூட உணர்திறன் குறைவு என்று பொருள்.

பெரியம்மாவின் இரண்டு தாள்களுக்கு இப்போது திரும்பலாம். முதல் ஆய்வகத்தின் வினைப்பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. 1.0, சராசரி நேரம் 12.0 விநாடி. 30.0-ஐ 12.0-ஆல் வகுத்தால் 2.5, அடுக்கு 1 என்பதால் ஐ.என்.ஆர். அதே 2.5. இரண்டாவது ஆய்வகத்தில் ஐ.எஸ்.ஐ. 1.8, சராசரி 13.0 விநாடி. 21.6-ஐ 13.0-ஆல் வகுத்தால் 1.66 மட்டுமே, அதை 1.8 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 2.5. அவருக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த எல்லை 2.0 முதல் 3.0 வரை. 21.6 விநாடியையோ 1.66 என்ற விகிதத்தையோ மட்டும் பார்த்து, “போதவில்லை” என்று யாராவது மாத்திரையைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

எனினும் ஐ.என்.ஆர். போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அடுக்கு என்பது நேரத்தை மட்டுமல்ல, பிழையையும் சேர்த்தே உயர்த்துகிறது. மேற்சொன்ன முதல் ஆய்வகத்தில் ஒரு விநாடி பிசகி 31.0 என்று வந்தால் ஐ.என்.ஆர். 2.6-ஐக்கூட எட்டாது. இரண்டாவது ஆய்வகத்தில் அதே ஒரு விநாடி பிசகி 22.6 என்று வந்தால் ஐ.என்.ஆர். 2.7-ஆகத் தாவும். இதனால்தான் குறியீடு 1-க்கு அருகில் உள்ள வினைப்பொருளை வாங்குங்கள் என்று சொல்கிறோம். விலை கூடுதல் என்று சிறிய ஆய்வகங்கள் தயங்குவதையும் நான் அறிவேன், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சராசரி நேரம் என்பது இன்னொரு கண்ணி. குறைந்தது 20 ஆரோக்கியமானவர்களின் நேரங்களை எடுத்து, அவற்றின் பெருக்கல் சராசரியை ஒவ்வோர் ஆய்வகமும் தன் கருவியில், தன் வினைப்பொருளில் கணக்கிட வேண்டும். வினைப்பொருளின் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, மாறும்போது மறுபடியும் கணக்கிட வேண்டும். பல இடங்களில் அன்றைக்கு ஆய்வகத்தில் இருக்கும் ஒரே ஊழியரின் இரத்தத்தை எடுத்து ‘கண்ட்ரோல்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவருடைய நேரம் 20 பேரின் சராசரிக்கு ஈடாகாது. இரண்டாவது ஆய்வகத்தின் உண்மையான சராசரி 13.0-ஆக இருக்க, பழைய லாட்டின் 12.0 என்ற எண்ணையே கருவியில் விட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்: பெரியம்மாவின் ஐ.என்.ஆர். 2.5-க்குப் பதிலாக 2.9 என்று அச்சாகியிருக்கும். நோயாளியிடம் எந்த மாற்றமும் இல்லாமலேயே அவர் எல்லையின் ஓரத்துக்கு வந்திருப்பார். ஐ.எஸ்.ஐ. எண்ணும் கருவியைப் பொறுத்துச் சற்று மாறும் என்பதால், நாம் வைத்திருக்கும் கருவிக்கு உரிய எண்ணையே உள்ளிட வேண்டும். சில கருவிகள் ஒளி ஊடுருவல் குறைவதை வைத்து உறைதலைக் கண்டுபிடிக்கின்றன. சில, சிறு உருண்டையின் அசைவு நிற்பதை வைத்து. மஞ்சள் காமாலையோ கொழுப்போ மிகுந்த பிளாஸ்மாவில் முதல் வகை தடுமாறக்கூடும்.

இவ்வளவு சொன்னாலும், என் அனுபவத்தில் தவறுகள் பெரும்பாலும் கருவிக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. நீல மூடி டியூபில் 3.2 சதவீத சிட்ரேட் கரைசல் ஒரு பங்குக்கு இரத்தம் ஒன்பது பங்கு சேர வேண்டும்: 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி இரத்தம். டியூபில் உள்ள கோடு வெறும் அலங்காரம் அன்று. நரம்பு சரியாகக் கிடைக்காமல் 1.8 மில்லியில் நிறுத்திவிட்டால், விகிதம் ஆறுக்கு ஒன்றாகிவிடுகிறது; மிஞ்சி நிற்கும் சிட்ரேட், பிறகு நாம் சேர்க்கும் கால்சியத்தையும் பிணைத்துக்கொண்டு நேரத்தைப் பொய்யாக நீட்டுகிறது. பிறவி இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவர்கள் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டிவிடுவதால் பிளாஸ்மா குறைவாக இருக்கும். டியூபைக் கோடுவரை நிரப்பினாலும் சிட்ரேட் கூடுதலாகவே இருக்கும். அத்தகைய குழந்தைகளுக்குச் சிட்ரேட்டைக் கணக்கிட்டுக் குறைத்த தனி டியூப் தேவை. இதைக் கேட்டு வாங்காமல் விட்டதால், அறுவைச் சிகிச்சைக்கு முன் தேவையில்லாத பதற்றம் ஏற்பட்டதை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நேரமும் வெப்பமும். பி.டி. பரிசோதனைக்கான இரத்தம் அறை வெப்பநிலையில் 24 மணி நேரம்வரை தாங்கும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனால் அங்கே அறை வெப்பநிலை என்பது 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். தாம்பரத்தில் காலை ஏழு மணிக்கு வீட்டில் எடுத்த சாம்பிள், மே மாத அக்கினி நட்சத்திர வெயிலில் இருசக்கர வாகனத்தின் பெட்டிக்குள் பயணம் செய்து, நான்கு வீடுகளில் நின்று, நண்பகலில் நகரத்துக்குள் வந்து சேர்வதை அந்த வரியால் நியாயப்படுத்த முடியாது. வெப்பத்துக்குப் பயந்து ஐஸ் பைக்குள் திணிப்பதும் தீர்வன்று. குளிரில் ஏழாவது காரணி தூண்டப்பட்டு பி.டி. பொய்யாகக் குறையக்கூடும். சாம்பிள் எடுக்க வீட்டுக்கு வருபவரிடம், இது எத்தனை மணிக்கு ஆய்வகத்தைச் சேரும் என்று தயங்காமல் கேளுங்கள். பி.டி.யோடு சேர்த்து எடுக்கப்படும், உறைதலை வேறொரு வழியில் தூண்டி நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனைக்கு இந்த அவகாசம் நான்கு மணி நேரம்தான். நோயாளிக்கு ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும்.

ஏ.பி.டி.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை. இதிலும் விநாடிகளைத்தான் அளக்கிறோம்; தூண்டுபொருளாகக் கயோலின், சிலிக்கா, எல்லாஜிக் அமிலம் என்று வெவ்வேறு பொருட்கள் பயன்படுகின்றன. பி.டி.க்கு ஐ.என்.ஆர். செய்ததைப் போன்ற ஒரு பன்னாட்டு ஏற்பாடு இதற்கு நடைமுறையில் இல்லை. எனவே ஹெப்பாரின் பெறுபவருக்கு எத்தனை விநாடி இருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் ஆய்வகமும் தானே கண்டறிய வேண்டும்: ஹெப்பாரினின் செயலை நேரடியாக அளக்கும் ஆன்ட்டி-டென்-ஏ பரிசோதனையில் 0.3 முதல் 0.7 அலகுக்கு ஈடான விநாடிகள் தன்னிடம் எவை என்று ஒப்பிட்டு எழுதிவைக்க வேண்டும். ஒரு மருத்துவமனையின் ஏ.பி.டி.டி. எல்லையை இன்னொரு மருத்துவமனையில் அப்படியே எடுத்தாள்வது ஆபத்தானது.

இரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்குகளை அளப்பதும், கொரோனா காலத்தில் எல்லாருடைய வாயிலும் புழங்கியதுமான டி-டைமர் பரிசோதனையில் குழப்பம் வேறு வகையானது. அதை ஃபைப்ரினோஜன் சமான அலகில் ஓர் ஆய்வகமும் டி-டைமர் அலகில் இன்னொரு ஆய்வகமும் தரும். முதல் அலகில் 500 என்பது இரண்டாவதில் ஏறத்தாழ 250. அலகைப் பார்க்காமல் நேற்று 260, இன்று 510 என்று ஒப்பிட்டு நடுங்கிய குடும்பங்கள் பல.

ஐ.என்.ஆர்.க்கும் எல்லை உண்டு. மாத்திரை சாப்பிடுபவர்களின் பிளாஸ்மாவை வைத்தே அதன் கணக்கு அமைக்கப்பட்டது என்பதை மேலே பார்த்தோம். கல்லீரல் நோயில் குறைகிற காரணிகளின் சேர்க்கை வேறு. எனவே அங்கே இரண்டு வினைப்பொருட்கள் ஒரே ஐ.என்.ஆர். தரும் என்ற உறுதி இல்லை. ரிவராக்ஸபான் போன்ற புதிய வகை உறைதடுப்பு மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். பார்த்து அளவை முடிவு செய்வது பொருளற்றது.

ஓர் ஆய்வகம் சரியாக அளக்கிறதா என்பதை அது தனியாக இருந்து அறிய முடியாது. இதற்காகவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உலர்த்திய பிளாஸ்மாவைப் பல ஆய்வகங்களுக்கும் அனுப்புவார்கள். அதைக் கரைத்துப் பரிசோதித்து முடிவைத் திருப்பி அனுப்பினால், மற்றவர்களின் முடிவுகளோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிவிப்பார்கள். அந்த அறிக்கை வரும் நாளில் எங்கள் பிரிவில் ஒரு தேர்வு முடிவுக்கான படபடப்பு இருக்கும். உங்கள் ஆய்வகம் இத்தகைய திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும், ஒரே நாளில் இரண்டு நல்ல ஆய்வகங்களில் 2.4 என்றும் 2.7 என்றும் வருவது இயல்புதான். நோயாளியின் உடலும் நாளுக்கு நாள் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் அறவே விட்டுவிட்டால் வைட்டமின் கே வரத்து மாறி, எண்ணும் மாறும். கீரையை விலக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நீண்ட நாளாக நிலையாக இருப்பவருக்கு ஒரே ஒருமுறை எல்லையைவிட 0.5-க்கு மேற்படாமல் கூடியோ குறைந்தோ வந்தால், மாத்திரை அளவை மாற்றாமல் ஓரிரு வாரத்தில் மறுபடியும் பரிசோதிக்கலாம் என்பது ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்.

பெரியம்மாவுக்கு இந்தப் பொங்கலையொட்டி 3.2 என்று வந்தது. மருத்துவர் மாத்திரையைத் தொடவில்லை. “அதே லேபில், அடுத்த வாரம், காலையிலேயே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்” என்று மட்டும் எழுதிக்கொடுத்தார். ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மறுமுறை 2.7.